சவுண்டு விடுவது யார்?

தமிழ்நாட்டில் "சவுண்டு விடாதே" என்று ஒரு பேச்சு உண்டு. யார் யாரைப் பார்த்து அதைச் சொல்கிறார்கள் என்று கவனித்தால் அதிலிருக்கிற ஏற்பாடு புரியும். மேலே இருக்கிறவன் குரலை உயர்த்தினால் அது கருத்து, கர்ஜனை. கீழே இருக்கிறவன் உயர்த்தினால் சவுண்டு. இசைக்கும் இதே கணக்குதான். சபாவிலிருந்து வந்தால் நாதம். சேரியிலிருந்து வந்தால் சத்தம், இரைச்சல், கொட்டு. எம்.ஏ. தமிழ் வகுப்பில் புறநானூற்றின் 335ஆம் பாட்டைத் தமிழரின் பழம்பெருமைக்குச் சான்றாக நடத்தினார்கள். துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைப் பேசுகிற பாட்டு அது. வகுப்புக்குள்ளே நாலு பேரும் பெருமை. வாசலைத் தாண்டினால் அதில் ஒரு பெயர் வசவு.

1966 ஆகஸ்ட் மாதம் சிகாகோ நகரத்தில் ராஸ்கோ மிட்செல் என்கிற 26 வயதுக் கறுப்பின சாக்ஸபோன் கலைஞர் தன் பெயரில் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'சவுண்ட்'. எதைச் சொல்லித் தன் மக்களைக் கேவலப்படுத்தினார்களோ அந்தச் சொல்லையே எடுத்து அட்டையில் போட்டார் என்று நான் வாசித்துக்கொள்கிறேன். அவர் அப்படி நினைத்து வைத்தாரா என்பது வேறு. தமிழில் வாழ்கிற ஒரு தலித்துக்கு அந்தப் பெயர் இப்படித்தான் கேட்கும்.

இந்த இசைத்தட்டுக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்தது. அந்தச் சங்கத்துக்கு ஒரு கச்சேரி வரிசை இருந்தது. கறுப்புக் கவிதைகளை மொழிபெயர்த்தோம். 1966-ல் பிறந்த கறுஞ்சிறுத்தைகளின் பெயரை 1972-ல் மும்பையில் நம் தோழர்கள் தலித் பேந்தர்ஸ் என்று எடுத்துக்கொண்டதைப் பெருமையோடு எழுதினோம். அதே காலத்தில், அதே மக்கள், கச்சேரி நடத்துவதையே ஓர் அரசியல் வேலையாகச் செய்ததைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம், எதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பேசத்தான் இந்தக் கட்டுரை.

சங்கம் கூடியது

சிகாகோவின் தென்பகுதி கறுப்பர்களின் குடியிருப்பு. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் பருத்திக் காட்டையும் கொலைகளையும் விட்டு 1910-களிலிருந்து 1970 வரைக்கும் சுமார் 60 லட்சம் கறுப்பர்கள் வடக்கேயும் மேற்கேயும் போனார்கள். சிகாகோவுக்கு வந்தவர்களைத் தெற்கு மூலையில் அடைத்தார்கள். வெள்ளையர் தெருவில் வீட்டைக் கறுப்பருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம் என்று பத்திரத்திலேயே எழுதிக்கொண்டார்கள். 1948-ல் உச்சநீதிமன்றம் அந்த ஒப்பந்தங்களை நீதிமன்றம் மூலம் நிறைவேற்ற முடியாது என்று சொன்ன பிறகும் ஊர் ஊராகவும் சேரி சேரியாகவும்தான் இருந்தது. இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கத்தில்கூட இரட்டைக் குவளை. வெள்ளையருக்கு லோக்கல் 10. கறுப்பருக்கு 1902-ல் தொடங்கிய லோக்கல் 208. இரண்டும் ஒன்றானது 1966-ல்தான்.

1960-களின் நடுவில் தென்பகுதியில் இசைக்கலைஞர்களுக்கு வேலை கொடுத்த மதுக்கடைகளும் கிளப்புகளும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த கடைக்காரர்கள் தெரிந்த பாட்டையே வாசி என்றார்கள். குடிக்க வந்தவன் எழுந்து போய்விடக் கூடாதல்லவா. அந்த நிலையில் 1965 மே மாதம் பியானோக் கலைஞர்கள் முகல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ், ஜோடி கிறிஸ்டியன், டிரம்ஸ் கலைஞர் ஸ்டீவ் மெக்கால், டிரம்பெட் கலைஞர் ஃபில் கோரன் ஆகிய நான்கு பேர் அஞ்சலட்டை போட்டு மற்றவர்களைக் கூப்பிட்டார்கள். கோரனின் வீட்டில் கூடினார்கள். படைப்பிசைக் கலைஞர் முன்னேற்றச் சங்கம் என்று தமிழில் சொல்லலாம். ஆங்கில முதலெழுத்துகளால் ஏ.ஏ.சி.எம். என்று அழைக்கிறார்கள்.

அந்தக் கூட்டங்களின் பேச்சு ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. பிற்காலத்தில் சங்கத்தின் உறுப்பினரான ஜார்ஜ் லூயிஸ் 2008-ல் வெளியிட்ட சங்க வரலாற்று நூலில் அதிலிருந்து விரிவாக எடுத்துக் கொடுத்திருக்கிறார். படிக்கும்போது நம்ம ஊர் இளைஞர் மன்றக் கூட்டம் போலவே இருக்கிறது. தலைவர் அனுமதியோடு ஒவ்வொருவராக எழுந்து பேசுகிறார்கள். பெரிய விவாதம் ஒரே ஒரு விதியைப் பற்றியது. சங்கத்தின் கச்சேரியில் உறுப்பினர்கள் தங்கள் சொந்த இசையை மட்டுமே வாசிக்க வேண்டும். சொந்தம் என்றால் என்ன? பழைய பாட்டை நம் பாணியில் வாசித்தால் அது சொந்தமா? கேட்கிறவர்களுக்குத் தெரிந்த பாட்டு ஒன்றுகூட இல்லாவிட்டால் யார் வருவார்கள்? எல்லாம் பேசி, கடைசியில் சொந்த இசை மட்டும் என்று முடிவு செய்தார்கள்.

இந்த விதியை நான் முக்கியமாக நினைக்கிறேன். கூலிக்கு வாசிக்கிறவன் என்ன வாசிக்க வேண்டும் என்பதைக் கூலி கொடுக்கிறவன்தான் முடிவு செய்கிறான். நம் அப்பன்களுக்கும் தாத்தாக்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. 'சாமி புறப்பாட்டுக்கு அடி, சாவுக்கு அடி, நிறுத்தச் சொன்னா நிறுத்து.' அந்தக் கட்டளையை உடைப்பதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த வழி: மண்டபத்தை நாமே வாடகைக்கு எடுப்போம், நோட்டீஸை நாமே அடிப்போம், டிக்கெட்டை நாமே விற்போம், மேடையில் நாம் உண்டாக்கியதையே வாசிப்போம். 1965 ஆகஸ்டில் கச்சேரிகள் தொடங்கிவிட்டன. 1967-ல் பள்ளிக்கூடமும் தொடங்கியது. சனிக்கிழமைகளில் தென்பகுதிப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு. வாசிக்க மட்டுமல்ல, இசையை எழுதவும் கற்றுக்கொடுத்தார்கள்.

நடத்தியவர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள், உழைக்கிற குடும்பத்தவர். மிட்செல், ஜோசப் ஜார்மன், மலக்காய் ஃபேவர்ஸ், ஹென்றி திரெட்கில் போன்றவர்கள் வில்சன் ஜூனியர் கல்லூரியில் படித்தவர்கள். ஏப்ரம்ஸ் பெரும்பாலும் தானே கற்றவர். ஜோசப் ஷில்லிங்கர் என்பவர் கணக்கு வைத்து எழுதிய தடிதடியான இசையமைப்பு நூல்களை உட்கார்ந்து படித்துத் தீர்த்தார். கறுப்பருக்கு இசை ரத்தத்தில் ஊறியது என்று புகழ்கிறார்களே, அந்தப் புகழ்ச்சிக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. நம்மையும் அப்படித்தான் புகழ்கிறார்கள். 'உங்களுக்கெல்லாம் தாளம் பிறவியிலேயே வரும்ல?' படித்தான், உழைத்தான், யோசித்தான் என்று சொல்ல மட்டும் வாய் வராது.

அந்தச் சத்தம்

'சவுண்ட்' இசைத்தட்டைக் கைபேசியில் முதலில் கேட்டபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தாளம் எங்கே என்று தேடினேன். மூன்று, நான்கு முறை கேட்ட பிறகு ஒன்று தெரிந்தது. அதில் ஆறு பேர் வாசிக்கிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்தே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. ஒருவர் ஊதும்போது மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். இடைவெளி விடுகிறார்கள். லெஸ்டர் போவியின் டிரம்பெட்டில் மூச்சு தெரிகிறது, எச்சில் தெரிகிறது, முக்கல் முனகல் தெரிகிறது. சுத்தமான சுரம் என்று எதை இசைப்பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்களோ அதிலிருந்து துடைத்து எறிந்ததெல்லாம் இங்கே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. அதே தட்டில் 'தி லிட்டில் சூட்' என்று இன்னொன்று. ஹார்மோனிகா, ரிக்கார்டர் என்று பிள்ளைகள் கையில் இருக்கிற கருவிகளும் அதில் வருகின்றன.

சின்னக் கருவிகள் என்று இவற்றுக்குப் பெயரே உண்டாயிற்று. மணி, விசில், சைக்கிள் ஹாரன், சிறிய மேளம், கையில் கிடைத்த எல்லாம். இந்தச் சங்கத்திலிருந்து வந்த ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோ குழுவின் மேடை நிறைய இவைதான் கிடக்கும். திரெட்கில் கார் சக்கரத்தின் வீல் கப்புகளை வரிசையாகத் தொங்கவிட்டு ஒரு தட்டுக்கருவியே செய்தார். அதை ஒரு குப்பை வேடிக்கை என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்: அதே திரெட்கில்லுக்கு 2016-ல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

இதெல்லாம் 'மனசுக்கு வந்ததை அடிப்பது' என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அங்கேயே அப்போதே உண்டாக்குகிற இசைக்குப் பயிற்சி வேண்டும். அதைவிடவும், அடுத்தவனைக் கேட்கிற காது வேண்டும். சாவு வீட்டில் பறை அடிக்கிறவரைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். தோலைத் தீயில் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மறுபடியும் காய்ச்சி, பதம் வந்த பிறகுதான் தொடங்குவார். ஆடுகிறவன் காலைப் பார்த்து அடி மாறும். அழுகை ஏறும்போது அடி இறங்கும். எழுதி வைத்த எந்தத் தாளும் அவர் முன்னால் இல்லை. இதையே சபா மேடையில் செய்தால் மனோதர்மம் என்று பெயர். விமர்சகர்கள் பத்தி பத்தியாக எழுதுவார்கள். தெருவில் செய்தால் 'குடிச்சிட்டு அடிக்கிறான்'.

பரிசோதனை யார் சொத்து?

மேற்கிலும் இதே கதைதான். பரிசோதனை இசை என்றாலே ஜான் கேஜ் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். 1952-ல் அவருடைய 4 நிமிடம் 33 விநாடி அரங்கேறியது. டேவிட் டியூடர் பியானோ முன்னால் உட்கார்ந்தார், ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. அரங்கின் சத்தங்களே இசை. கேஜ் பெரிய கலைஞர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சத்தத்துக்கும் இசைக்கும் நடுவில் இருந்த வேலியை அவர் பிடுங்கினார். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்தார்கள். அவர்களை வரலாற்றில் யார் எழுதினார்கள்? மைக்கேல் நைமன் 1974-ல் பரிசோதனை இசையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூல், கேஜும் அவருக்குப் பிறகும் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. சிகாகோ சங்கத்துக்கு அதில் இடமில்லை. அதே ஊர்க்காரர்களுக்கு, அதே காலத்தில், கச்சேரிக்கு மேல் கச்சேரி நடத்தியவர்களுக்கு இடமில்லை.

ஜார்ஜ் லூயிஸ் 1996-ல் எழுதிய ஒரு கட்டுரை இதைக் கட்டுடைக்கிறது. 1950-க்குப் பிறகு வெள்ளை இசையமைப்பாளர்கள் தற்செயல், நிர்ணயமின்மை என்றெல்லாம் புதுப் பெயர்களைப் பயன்படுத்தினார்கள். அங்கேயே அப்போதே உண்டாக்குவது என்ற சொல் கறுப்பு ஜாஸ் கலைஞர்களின் நிறத்தோடு ஒட்டிக்கிடந்ததால் அதைத் தொடாமல் சுற்றிப் போனார்கள் என்பது அவர் வாதம். ஆண்டனி பிராக்ஸ்டனும் இதே பொருளில் பேசியிருக்கிறார். தீட்டு என்ற சொல்லை லூயிஸ் பயன்படுத்தவில்லை. நான் பயன்படுத்துகிறேன். கருவி வேண்டும், முறை வேண்டும், பெயர் மட்டும் தொடக் கூடாது. பறையை நாட்டுப்புறக் கலை என்று பெயர் மாற்றிக் கல்லூரி விழா மேடையில் ஏற்றுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேஜ் 1965-லேயே சிகாகோவில் ஜார்மனோடு ஒரே மேடையில் நிகழ்த்தியிருக்கிறார். பிராக்ஸ்டன் 1969-ல் துணையே இல்லாமல் ஒற்றை சாக்ஸபோனை மட்டும் வைத்து இரட்டை இசைத்தட்டு ஒன்றைப் பதிவு செய்தார். அதில் ஒரு பகுதி கேஜுக்குக் காணிக்கை. ஆட்களுக்கு நடுவில் போக்குவரத்து இருந்தது. வரலாறு எழுதியவர்கள்தான் கதவைச் சாத்தினார்கள்.

சங்கத்தின் பெயரில் ஜாஸ் என்ற சொல் இல்லாததையும் கவனிக்க வேண்டும். அது மற்றவர்கள் வைத்த பெயர், அதற்குள்ளே அடைபட மாட்டோம் என்றார்கள். படைப்பிசை என்றார்கள். ஆர்ட் என்செம்பிள் குழு இன்னும் ஒரு படி மேலே போய் மகத்தான கறுப்பு இசை, பழமையிலிருந்து எதிர்காலம் வரை என்று அறிவித்தது. அவர்களின் மேடையையே பாருங்கள். ஜார்மனும் ஃபேவர்ஸும் டான் மோயேயும் முகத்தில் வண்ணம் பூசி ஆப்பிரிக்க உடையில் வருவார்கள். போவி ஆய்வுக்கூட வெள்ளைக் கோட்டில் வருவார். வண்ணம் பூசிய முகத்தை மட்டும் பார்த்து ஆதிவாசிக் கூத்து என்று நினைக்க வந்தவனை அந்த வெள்ளைக் கோட்டு உட்காரவைத்து, இங்கே நடப்பது ஆராய்ச்சிடா என்று சொல்கிறது. லூயிஸ் 1980-களில் ஒரு கணினி நிரலை எழுதினார். 'வாயேஜர்' என்று பெயர். மனிதர் வாசிப்பதைக் கேட்டுத் தானும் உடனுக்குடன் வாசிக்கிற நிரல். மரபா, நவீனமா ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்று நம்மை மடக்குகிற கேள்விக்கு இந்த இரண்டையும் பதிலாகக் காட்டலாம்.

குறைகளும் உண்டு

இந்தச் சங்கத்தைச் சாமியாக்கிக் கும்பிட நான் வரவில்லை. தொடக்க ஆண்டுகளில் அது ஆம்பளைகளின் சங்கம். அமினா கிளாடின் மையர்ஸ் போன்ற ஒரு சிலரே பெண்கள். அவர் பியானோவும் ஆர்கனும் வாசித்துப் பாடவும் செய்தவர். பின்னாளில் பெண்கள் சமானா என்று தனிக் குழு அமைக்க வேண்டியிருந்தது. நிகோல் மிட்செல் என்கிற புல்லாங்குழல் கலைஞர் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். அதற்குள் 40 ஆண்டுகள் ஓடியிருந்தன. நம்ம கலைக்குழுக்களில் பறை பிடிக்கிற பெண்களைப் படம் எடுத்துப் போடுகிறோம். குழுவின் கணக்கு நோட்டு யார் கையில் இருக்கிறது?

இரண்டாவது, யார் கேட்டார்கள் என்கிற கேள்வி. 1969-ல் மிட்செல், ஜார்மன், போவி, ஃபேவர்ஸ், பிராக்ஸ்டன் எல்லாம் பாரிஸுக்குப் போனார்கள். அங்கே இசைத்தட்டு வந்தது, பத்திரிகையில் பெயர் வந்தது. சொந்தத் தெருவில் கிடைக்காத கூட்டம் வெள்ளை நாட்டில் கிடைத்தது. இசைத்தட்டுக் கம்பெனிகளும் வெள்ளையர்களுடையவையே. சங்கம் யாருக்காகப் பிறந்ததோ அந்தத் தெரு கடைசிவரை பின்னால் வந்ததா என்று கேட்கத்தான் வேண்டும். பள்ளிக்கூடத்தை அவர்கள் விடாமல் நடத்தியது மட்டும்தான் இதற்கு அவர்கள் தரப்பிலிருந்து இருக்கிற பலமான பதில் என்று எனக்குப் படுகிறது.

மூன்றாவது நமக்கு ரொம்பப் பழக்கமான விவாதம். 1960-களின் கடைசியில் சங்கத்தில் ஒரே ஒரு வெள்ளை உறுப்பினர் இருந்தார். அவர் இருக்கலாமா என்று சண்டை வந்து கடைசியில் வெளியேற்றப்பட்டார். தலித் அல்லாதவர் தலித் இலக்கியம் எழுதலாமா என்று 1990-களில் பக்கம் பக்கமாக எழுதியவர்களின் வாரிசுகள் நாம். என் கருத்து இது: மேடையில் யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், மேடை யாருடையது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அதற்கு ஒரு மனிதரை வெளியே அனுப்ப வேண்டியதில்லை. இதில் முரண்படுகிற தோழர்கள் உண்டு, தெரியும்.

நம்ம மேடை

இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 2018 ஜனவரியில் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியது. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையத்தின் மார்கழியில் மக்களிசை தொடங்கியது. சபாக்கள் தங்களுடையது என்று பட்டா போட்டு வைத்திருந்த மாதத்தைப் பெயரைச் சொல்லியே எடுத்தது பெரிய காரியம். கானாவும் ஒப்பாரியும் பறையும் விளக்கு வெளிச்சத்தில் தலை நிமிர்ந்து நின்றன.

அடுத்து என்ன என்பதுதான் என் கேள்வி. நம் மேடையில் பாட்டு இருக்கிறது, பாட்டில் செய்தி இருக்கிறது. செய்தி வேண்டும். ஆனால் செய்தி சொல்ல மட்டுமே நமக்கு மேடை என்பதை யார் முடிவு செய்தது? ஓர் இலக்கியக் கூட்டத்தில் இந்தச் சிகாகோ இசையைப் பற்றி நான் பேசியபோது முற்போக்கானவர் ஒருவர் அன்பாகவே சொன்னார்: "உங்களுக்குப் பறை இருக்கே தம்பி, இதெல்லாம் எதுக்கு?" அவருக்கு வியன்னாவும் வேண்டும், திருவையாறும் வேண்டும், நவீன ஓவியமும் வேண்டும். நமக்குப் பறை போதும். அதுவும் அவர் கேட்டுப் பழகிய அடியில். ஒதுக்கீட்டை எதிர்க்கிறவர்கள்கூடக் கலையில் நமக்கு இப்படி ஒரு இடத்தை ஒதுக்கிவைத்துவிட்டார்கள்.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு கேள்வி வரும். 'இது மக்களுக்குப் புரியுமா தோழர்?' வார்த்தையே இல்லாத அடியைச் சாவு வீட்டில் ராத்திரி முழுக்கக் கேட்டு வளர்ந்தவங்க நாம. எந்த அடி எதற்கு என்று குழந்தைக்கும் தெரியும். வார்த்தை இல்லாத சத்தத்தைக் கேட்பதில் நம்மைவிடப் பழகிய காது எவனுக்கு இருக்கிறது? புரியாது என்று மக்கள் தலையில் பழி போடுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

பறையையே தூக்கி எறிய வேண்டும் என்று சொல்கிற தோழர்களின் கோபமும் நியாயமானது. ஆதிக்க சாதிக்காரன் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று ஊர் ஊராக மறுத்து, அடிபட்டு, ஊர்விலக்கம் பட்டவர்கள் நம்மவர்கள். அந்த மறுப்பும் வேண்டும், அந்தக் கருவியும் வேண்டும் என்றால், எப்போது அடிப்பது, எதை அடிப்பது, எவ்வளவு நேரம் அடிப்பது, என்ன கூலி என்பதை அடிக்கிறவரே முடிவு செய்கிற இடம் ஒன்றை நாம் உண்டாக்கித் தர வேண்டும். சிகாகோவின் சொந்த இசை விதி அதைத்தான் செய்தது.

சிகாகோவுக்கும் தமிழ்ப் பெயர்களுக்கும் நடுவில் பாதை ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோக் கலைஞர் விஜய் ஐயர் ராஸ்கோ மிட்செலின் குழுவில் வாசித்தவர். சங்கத்தின் இன்னொரு மூத்தவரான வாடாடா லியோ ஸ்மித்தோடு சேர்ந்து 2016-ல் ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டவர். நல்ல கலைஞர், தன் மூத்தவர்களை மதித்துப் பேசுகிறவர். அவர்மேல் எனக்குக் குறையில்லை. அந்தப் பாதையில் முதலில் போக முடிந்தவர்கள் யார், இன்னும் போக முடியாதவர்கள் யார் என்பதைத்தான் சொல்கிறேன். விழுப்புரத்திலோ சிவகங்கையிலோ இருக்கிற ஒரு பறைக் கலைஞர் ஒரு மணி நேரம் மிட்செலோடு எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் இரண்டு பேரும் என்ன வாசித்திருப்பார்கள்? எனக்குக் கேட்க ஆசை.

வேலையாகச் சில யோசனைகள். மாதம் ஒரு நாள், ஒரு சின்ன மண்டபம் அல்லது நம் தெருவின் அம்பேத்கர் மன்றம் போதும். மேடையில் தலைவர் இல்லை, பொன்னாடை இல்லை, தொகுப்பாளர் இல்லை. வாசிப்பவர் தான் உண்டாக்கியதை மட்டும் வாசிக்க வேண்டும். பறையாக இருக்கலாம், உறுமியாக இருக்கலாம், தகரமாக, கைபேசியில் பிடித்த ஒப்பாரியாக இருக்கலாம். வாசிப்பவருக்குப் பேசிய கூலியைக் கச்சேரிக்கு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். கணக்கு நோட்டு பெண்கள் கையில். ஒவ்வொரு கச்சேரியையும் கூட்டத்தையும் பதிவு செய்து வைக்க வேண்டும், நம் வரலாற்றை வேறு எவனோ எழுதட்டும் என்று விடக் கூடாது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வகுப்பு.

இதற்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டால், முதல் மாதம் பத்துப் பேர் வரலாம். சிகாகோவிலும் காலி நாற்காலிகளுக்கு வாசித்த இரவுகள் உண்டு. நாங்கள் சிலர் பேசத் தொடங்கியிருக்கிறோம். ஏற்கிறவர்களும் மறுக்கிறவர்களும் இந்தப் பக்கங்களிலேயே எழுதுங்கள். மண்டபம் கிடைக்கிற ஊர்க்காரர்கள் முதலில் எழுதுங்கள்.